கம்பளித் தூளி, கொழுந்து லொறி, அம்புலன்ஸ்

பத்திரிகைத் தொழிலில் கழித்த நாற்பது ஆண்டுகளில் நான் அதிக தடவை எழுதிய செய்தி எது என்று கேட்டால், நண்பர்கள் தேர்தல் முடிவு என்பார்கள், போர் என்பார்கள். உண்மையில் அது ஒரு மூன்று வரிச் செய்தி. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண் தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டுள்ளனர் என்பதே அச்செய்தி. தோட்டத்தின் பெயர் மாறும். எண்ணிக்கை மாறும். யாராவது இறந்திருந்தால் நான்காவதாக ஒரு வரி சேரும். ஹற்றனிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ தலவாக்கலையிலிருந்தோ பிரதேச நிருபர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, பேனா தானாகவே எழுதும். உள்பக்கத்தில் விளம்பரத்துக்குக் கீழே இடம் மிஞ்சினால் போடுவோம். மிஞ்சாவிட்டால் மறுநாள்.

கொட்டியதற்கும் வைத்தியசாலை வாசலுக்கும் இடையில் எத்தனை நிமிடம் சென்றது என்று ஒரு நிருபரிடமாவது நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்தான். ஏனென்றால் அந்தக் கேள்வி என் சொந்த வீட்டுக் கேள்வி.

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையில் உள்ளது றொசல்ல. ஹற்றன் – கொழும்பு பிரதான வீதியில் போகிறவர்கள் மழையையும் மூடுபனியையும் தவிர வேறெதையும் பார்க்காமலே அதைக் கடந்துவிடுவார்கள். இலங்கையின் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று வட்டவளை. அந்த மழையில் பாதியாவது எங்கள் லயத்துக் கூரையில்தான் விழுந்தது என்று நாங்கள் நம்பினோம். ஸ்டேஷனுக்கு மேலே இருந்த தோட்டம் ஒன்றில்தான் என் பிள்ளைப் பருவம் கழிந்தது.

1969ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவின் கடைசித் தங்கை, என் சின்னம்மா, மேல் டிவிஷன் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். காற்றடித்து நிழல் மரத்துக் கூடு கலைந்ததாகப் பின்னால் சொன்னார்கள். சரிவான மலையில், தலையில் கயிறு மாட்டிய கூடையோடு, இடுப்பில் படங்கு கட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் ஓட முடியும்? மற்றவர்கள் தேயிலைச் செடிகளுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். சின்னம்மாவுக்குப் பத்துக் கொட்டுகூட விழவில்லை. ஆனால் சிறிது நேரத்தில் முகம் வீங்கிக் குரல் கம்மிவிட்டது. கம்பளியின் இரு முனைகளையும் மூங்கிலில் கட்டித் தூளியாக்கி நான்கு பேர் கீழே இறக்கினார்கள். டொக்டரய்யா அன்று வேறொரு டிவிஷனில் இருந்தார். கொழுந்து லொறி நின்றது. ஆனால் மத்தியானக் கொழுந்து நிறுத்து ஏற்றி முடியாமல் அது நகராது. கணக்கப்பிள்ளை துரை பங்களாவுக்கு ஆள் அனுப்பினார். உத்தரவு வந்தபோது லொறியில் இரண்டு பெண்கள் சின்னம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். மூச்சு விடச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான். பிரதான வீதியை எட்டுவதற்கு முன்பே தலை சாய்ந்துவிட்டது.

யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தத் துரையும் கணக்கப்பிள்ளையும் இப்போது இல்லை. தோட்டத்தின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை.

பல ஆண்டுகள் கழித்து, ஓய்வுபெற்ற பின், வெளிநாட்டில் அவசர சிகிச்சைப் பிரிவொன்றில் பணியாற்றும் தமிழ் வைத்தியர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, பிரித்தானியாவில் பம்ப்ரி என்ற ஆய்வாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றைப் பற்றிச் சொன்னார். கடும் ஒவ்வாமையால் இறந்தவர்களின் பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தவர் அவர். உணவு ஒவ்வாமையில் இதயமோ சுவாசமோ நிற்க ஏறத்தாழ 30 நிமிடம் சென்றிருந்தது. குளவி, தேனீக் கொட்டில் 15 நிமிடம். அதே ஆய்வாளர் 2003இல் இன்னொன்றையும் கவனித்தார். இரத்த அழுத்தம் விழுந்து கிடந்த நோயாளிகளில் சிலர், யாரோ அவர்களை எழுப்பி உட்கார வைத்த அல்லது நிற்க வைத்த கணத்திலேயே இறந்திருக்கிறார்கள். இதயத்துக்குத் திரும்பி வரவேண்டிய இரத்தம் கால்களில் தங்கிவிடுகிறது. ஆகவேதான் இப்போது படுக்க வைத்துக் காலை உயர்த்தச் சொல்கிறார்கள். மூச்சு மிகவும் முட்டினால் சற்றுச் சாய்த்து இருத்தலாம். ஆனால் காலை நீட்டியபடிதான். நடக்க விடக் கூடாது.

இதைக் கேட்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த இரண்டு பெண்களும் அன்பினால் செய்த காரியம் அது.

அவர் சொன்ன மருந்தும் அபூர்வமானதன்று. அட்ரினலின். ஜப்பானிய விஞ்ஞானி தக்காமினே 1901இல் அதைப் பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டே பிரான்சில் ரிஷேயும் போர்ட்டியேயும் இந்தக் கடும் ஒவ்வாமைக்குப் பெயர் வைத்தார்கள். அதற்காக ரிஷேக்கு 1913இல் நொபெல் பரிசு கிடைத்தது. வளர்ந்தவர் ஒருவருக்கு அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்புறத் தசையில் ஓர் ஊசி. தாமதமின்றிப் போட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். சின்னம்மா இறந்தபோது அந்த மருந்துக்கு வயது 68.

ஒரு விளக்கம் அவசியம். நாங்கள் மலையகத்தில் எல்லாவற்றையும் குளவி என்றே சொல்வோம். பத்திரிகையும் அப்படியே எழுதும். உண்மையில் பல தாக்குதல்களைச் செய்வது பெருந்தேனீ. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். தெபரா என்று அவர்கள் சொல்வதே நிஜமான குளவி. இரண்டுமே இரண்டு விதமாகக் கொல்லும். ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டுப் போதும், நிமிடக் கணக்கு. நூற்றுக்கணக்கில் கொட்டினால் ஒவ்வாமையே இல்லாவிட்டாலும் நஞ்சு தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தை அடைத்துவிடும், நாள் கணக்கு. முதலாமவருக்குப் பக்கத்தில் ஓர் ஊசி வேண்டும். இரண்டாமவருக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவும் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரமும் வேண்டும். தெற்கே தேயிலை விளையும் தெனியாயவில் கொட்டுக்கு ஆளான 322 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2015இல் இலங்கை மருத்துவ சஞ்சிகையில் வந்திருக்கிறது. ஒரேயொரு ஊரில் 322 பேர். நாங்கள் போட்ட மூன்று வரிச் செய்திகளை யாராவது எண்ணிப் பார்த்திருந்தால் என்ன தொகை வந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இனி, இந்தப் பதினைந்து நிமிடம் என்ற அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மலையகத்தின் மருத்துவ வரலாற்றைத் திரும்பிப் பார்க்கலாம்.

தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த கோப்பிக் காலத்து முன்னோர்களுக்கு அவசர சிகிச்சை என்று ஒன்றும் இருக்கவில்லை. வாந்திபேதி கண்டவர்கள் காட்டுப் பாதையிலேயே விடப்பட்டார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் உடன்பாடில்லை. 2023இல், மலையக மக்களின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து அதே வழியில் நடைபயணம் நடந்தபோது அந்தச் சாவுகளே எல்லோர் மனத்திலும் இருந்தன.

அரசாங்கத்தின் முதல் ஏற்பாடு 1872இல் வந்தது. அந்த ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம், தோட்ட மாவட்டங்களில் குடியேறிய தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கானது. வில்லியம் கிரகரி தேசாதிபதியாக இருந்த காலம். அதற்குப் பின் 1880இலும் 1882இலும் 1912இலும் சட்டம் மாற்றி எழுதப்பட்டது. ஏன் இத்தனை தடவை? பணம் யார் கட்டுவது என்பதில் அரசுக்கும் தோட்டக்காரர்களுக்கும் இடையில் தீராத இழுபறி. வைத்தியசாலையில் ஒரு தொழிலாளி தங்கும் நாட்களுக்குத் தோட்டம் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. விளைவை ஊகிப்பது கடினமன்று. இனித் தேறமாட்டான் என்று தெரிந்த பிறகே ஆளை அனுப்பினார்கள். போனவர்கள் இறந்தார்கள். இறந்ததைப் பார்த்தவர்கள் போக மறுத்தார்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிணமாகத்தான் வரும் என்று என் பாட்டி சொல்வாள். அதை மூடநம்பிக்கை என்று நான் இளமையில் கேலி செய்திருக்கிறேன். அவள் சொன்னது ஒரு புள்ளிவிவரம் என்பதை அறியப் பழைய நிர்வாக அறிக்கைகளின் பக்கம் போகவேண்டியிருந்தது.

புகையிரதம் 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1884இல் ஹற்றனுக்கும் வந்தது. றொசல்லவின் ஊடாகத்தான் வந்தது. தோட்ட விளைச்சலைக் கொழும்புக்கு எத்தனை மணியில் கொண்டுபோகலாம் என்று கணக்கிட்டுப் போட்ட பாதை. நோயாளிகளும் அதில் போனார்கள். சரக்கு வண்டியின் கார்டு பெட்டியில் படுக்க வைத்து நாவலப்பிட்டிக்கு அனுப்பிய கதைகளை எங்கள் லயத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் லயத்திலிருந்து ஸ்டேஷனுக்கு வருவதற்குப் பாதை போட யாருக்கும் தோன்றவில்லை. தோட்டத்துப் பாதைகள் மலையையும் பக்டரியையும் இணைப்பவை. கொழுந்து எங்கே போகவேண்டுமோ அங்கே அவை போகும்.

இந்த இடத்தில் வடக்கே யாழ்ப்பாணத்துக்குப் போய்வர வேண்டும். விஷயத்தை விட்டு விலகுகிறேன் என்று எண்ணவேண்டாம்.

மலைநாட்டில் காட்டை வெட்டிக் கோப்பி நட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1847இல், சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற இருபத்தைந்து வயது அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். மருத்துவ மாணவர்களை முதலில் ஆங்கிலத்தில் பயிற்றினார். பின்னர், படித்தவர்கள் ஊரில் தங்காமல் உத்தியோகம் தேடிப் போவதைக் கண்டு, 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அதற்குப் புத்தகம் வேண்டுமே? தம் மாணவர்களோடும் தமிழறிஞர்களோடும் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்', மகப்பேற்றுக்குப் 'பிரசவ வைத்தியம்', சத்திர சிகிச்சைக்கு 'இரண வைத்தியம்', பின்னர் 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', இரசாயனத்துக்குக் 'கெமிஸ்தம்' என்று பல ஆயிரம் பக்கங்கள். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களை உருவாக்கினார். 1884இல் மசச்சூசெற்சில் இறந்தார். தமிழருக்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர் என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னார். கவிஞர் அம்பி இவரைப் பற்றி எழுதியிராவிட்டால் என் தலைமுறையினர் பலருக்கு அந்தப் பெயரே தெரிந்திராது.

கிறீனின் கலைச்சொற்களில் பல நிலைக்கவில்லை. அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதும் உண்மை. ஆனால் அவர் கண்டுகொண்ட ஒன்று முக்கியமானது. எந்த மொழியில் வலி சொல்லப்படுகிறதோ அந்த மொழியில் வைத்தியம் படித்தவன் அந்த ஊரிலேயே இருப்பான். இரத்தப் பெருக்கை எப்படி அழுத்தி நிறுத்துவது, உடைந்த எலும்பை எப்படிக் கட்டுவது என்று தமிழில் அச்சடித்த புத்தகம் 1860களில் இதே தீவில் இருந்தது. அது மன்னாருக்குத் தெற்கே, மலைக்கு, வரவில்லை. தோட்டத்தில் மருத்துவ மொழி ஆங்கிலமாகவே இருந்தது. டொக்டரய்யா துரைக்கு அறிக்கை எழுதினார். தொழிலாளிக்கு மிக்சரும் அதட்டலும் கிடைத்தன. (அதட்டாத டொக்டரய்யாக்களும் இருந்தார்கள். இரவில் ராந்தல் விளக்கோடு லயம் லயமாக ஏறி இறங்கிய ஒருவரை நான் மறக்கமாட்டேன்.)

பிந்திய வரலாற்றை விரைவாகக் கடக்கலாம். 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப்புழுவை ஒழிக்கத் தோட்டங்களுக்கு வந்தார்கள். மாத்தளையில் தொடங்கினார்கள். புழுவைக் கொன்றார்கள். மலசலகூடம் கட்டுவது தோட்டத்தின் செலவு என்பதால் புழு திரும்பி வந்தது. ஆனால் அதே நிறுவனத்தின் உதவியோடு 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார நிலையம் வேறொரு பாடம் கற்பித்தது. ஊருக்குள்ளேயே ஒரு பெண்ணுக்கு மருத்துவிச்சிப் பயிற்சி கொடுத்து, ஒரு பையும் கொடுத்து, வீடு வீடாக நடக்கவிட்டார்கள். பிரசவ மரணங்களில் இலங்கை பின்னாளில் உலகம் வியக்குமளவுக்கு முன்னேறியதற்கு அந்தப் பையும் அந்த நடையும் பெருங்காரணம். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாத இடத்துக்கு அரசாங்க வைத்தியசாலை எதற்கு வரும்? கிராமத்துக்கு இலவச வைத்தியம், தோட்டத்துக்குத் தோட்ட வைத்தியம் என்று பாதை பிரிந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் மறுபடி கம்பனிகளிடம் போயின. டிஸ்பென்சரிக்குப் பெயர்ப்பலகை மட்டும் ஒவ்வொரு தடவையும் மாறியது.

அம்புலன்ஸ் வண்டிக்கு வருவோம். ஹைதராபாத்தில் 2005இல் 108 என்ற இலக்கத்தோடு தொடங்கிய சேவை, 2008இல் தமிழ்நாட்டுக்கு வந்து, 2016 ஜூலையில் இலங்கைக்கும் வந்தது. இங்கே அதன் இலக்கம் 1990, பெயர் சுவசெரிய. இந்திய நன்கொடையில் 88 வண்டிகள், முதலில் மேல், தென் மாகாணங்களில் மட்டும். இந்தியாவின் ஆள் வருகிறான், உளவு பார்ப்பான் என்றெல்லாம் அப்போது எதிர்ப்புக் கிளம்பியது. அரச வைத்தியர் சங்கமும் எதிர்த்தது. இன்று அதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட் மைதானத்தில் மலையக மக்கள் முன் பேசியபோது, மற்ற மாகாணங்களுக்கும் சேவை விரிவாகும் என்று அறிவித்தார். அன்றுதான் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் 150 கட்டில் கொண்ட புதிய கட்டடத்தையும் திறந்துவைத்தார். 2018இல் இன்னும் 209 வண்டிகள் சேர்ந்தன. அதே ஆண்டு பாராளுமன்றம் தனிச் சட்டம் இயற்றிச் சுவசெரிய மன்றத்தை அமைத்தது. கட்டணம் இல்லை. தமிழில் பேசலாம். வண்டியில் பயிற்சி பெற்ற உதவியாளர் இருக்கிறார். ஒக்சிசன் இருக்கிறது. என் சின்னம்மாவைப் போல் கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பி உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இதைச் சிறிய மாற்றம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

வைத்தியத் துறையிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது அவசர சிகிச்சை என்ற தனிச் சிறப்புத் துறையே இலங்கையில் இருக்கவில்லை. வெளிநோயாளர் பிரிவுக்குள் நெஞ்சுவலிக்காரரும் சளிக்காரரும் ஒரே வரிசையில் நின்றார்கள். 2010களில்தான் கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகம் அவசர மருத்துவத்தில் எம்.டி. பட்டப் படிப்பை ஆரம்பித்தது. அப்படிப் படித்து வந்தவர்களில் ஒரு பகுதியினர் 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வெளிநாடு போய்விட்டார்கள். அவர்களையும் குறை சொல்லமாட்டேன். இதை வாசிக்கும் உங்களில் பலர் அப்படிப் போன வீடுகளிலிருந்து வாசிக்கிறீர்கள்.

ஆனாலும் பதினைந்து நிமிடம் என்ற அளவுகோல் பாக்கி இருக்கிறது. அம்புலன்ஸ் பிரதான வீதிக்கு வரும். நல்ல பாதையாக இருந்தால் பக்டரி வரை வரும். மேல் மலைக்கு வராது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டபோது, நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மண்சரிவில் வீதியும் தண்டவாளமும் அறுந்தன. வீதி இல்லாத நாளில் வண்டியும் இல்லை, பெரியாஸ்பத்திரியும் இல்லை. பக்கத்தில் நிற்கும் ஆள்தான் இருக்கிறார். 1872 முதல் இன்றுவரை சட்டம் போட்டவர்களும் தொழிற்சங்கத் தலைவர்களும், ஏன், நாங்கள் பத்திரிகைக்காரர்களும்கூட, நோயாளியை வைத்தியரிடம் எப்படிக் கொண்டுபோவது என்றே யோசித்துக்கொண்டிருந்தோம். லொறி கேட்டோம், பாதை கேட்டோம், வண்டி கேட்டோம். பக்கத்தில் நிற்கும் ஆளுக்கு என்ன தெரியும், அவர் கையில் என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

இப்படிக் கேட்ட ஓர் இடம் உண்டு. அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதி அது. அதன் பெயரும் 'ஹில்', மலை என்பதுதான். 1960களில் அங்கே யாராவது விழுந்தால் பொலிஸ் வானில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவார்கள். பின்னால் யாரும் கவனிப்பதில்லை. எங்கள் கொழுந்து லொறிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அந்த நகரில் பீற்றர் சாபர் என்ற மயக்க மருந்து வைத்தியர் இருந்தார். வாயோடு வாய் வைத்து ஊதிச் சுவாசம் கொடுக்கலாம் என்பதைச் சோதனை மூலம் நிறுவியவர். 1966இல் அவருடைய சொந்த மகள், பள்ளிச் சிறுமி, ஆஸ்துமாவால் இறந்தாள். உலகத்துக்கே உயிர்மீட்பு கற்பித்தவரின் வீட்டுக் குழந்தைக்கு உதவி உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. மறு ஆண்டு அவர், அதே மலைப் பகுதியில் வேலையற்றிருந்த இளைஞர்களைத் திரட்டி, நூற்றுக்கணக்கான மணி நேரம் பயிற்சி கொடுத்து, 'பிரீடம் ஹவுஸ்' அம்புலன்ஸ் சேவையைத் தொடங்க வழிசெய்தார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்கள்தான் அமெரிக்காவின் முதல் தலைமுறை பரா மெடிக்குகள் என்று இன்று கொண்டாடப்படுகிறார்கள். நகர நிர்வாகம் 1975இல் அந்தச் சேவையை மூடி, தன் சொந்த அணியை அமைத்துக்கொண்டது. கடைசிக் காலத்தில் அவர்களுக்கு வைத்தியப் பொறுப்பாளராக இருந்த நான்சி கரோலின் என்ற பெண் 1979இல் எழுதிய பாடநூல், பரா மெடிக்குகளுக்கு நாடெங்கும் பாடநூலாயிற்று. ஏழைகளின் தெருவில் கற்றதை நாடு படித்தது.

மலையகத்தில் அட்ரினலினைக் கங்காணியிடம் கொடுக்கலாமா, பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளரிடம் கொடுக்கலாமா, எத்தனை நாள் பயிற்சி, யார் மேற்பார்வை என்பதையெல்லாம் வைத்தியர்கள் தீர்மானிக்க வேண்டும். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் அளவு மீறினால் ஆபத்து என்பதையும் அறிவேன். தானாகக் குத்தும் பேனா போன்ற கருவி மேல்நாட்டில் பள்ளிக்கூடப் பையிலேயே இருக்கிறது. அதன் விலை எங்களுக்கு எட்டாது. சாதாரண அம்பியூலும் சிரிஞ்சும் எட்டும். குறைந்தபட்சம், விழுந்தவரைப் படுக்க வை, நிமிர்த்தாதே, நடக்க விடாதே என்ற மூன்று சொற்றொடரைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி ஒவ்வொரு பிரட்டுக்களத்திலும் ஒட்டலாமே. அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. இதைச் சொல்ல எனக்கு ஐம்பது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன என்ற வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அண்மையில் பஸ்ஸில் போய் றொசல்லவில் இறங்கினேன். மூட்டுவலியைப் பொருட்படுத்தாமல் மேல் மலை வரை ஏறினேன். எங்கள் லயம் இருந்த இடத்தில் கூரைத் தகடு மாறியிருந்தது. கவ்வாத்து வெட்டாமல் விட்ட மலைகள் காடாகிக் கிடந்தன. அப்படிக் கிடக்கும் செடிகளுக்குள்ளும் குளவி கூடு கட்டுகிறது. திரும்பி இறங்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். சின்னம்மா விழுந்த இடத்திலிருந்து பிரதான வீதிக்கு, கையில் ஒரு சுமையும் இல்லாமல், நாற்பத்தொரு நிமிடம்.

இறங்குவதற்கு முன், கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களோடு சற்று நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஓர் இளம் பெண். என் காலத்தில் பெண் கங்காணி என்ற பேச்சே கிடையாது. குளவி கொட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"சுண்ணாம்பு தடவுவோம் ஐயா. மோசம்னா 1990க்கு அடிப்போம்."

"இங்கே சிக்னல் இருக்கிறதா?"

"இங்க இல்லீங்க. அந்தா அந்தப் பாறைக்கு மேல ஏறுனா கிடைக்கும்."

பாறையைப் பார்த்தேன். ஏற ஐந்து நிமிடமாவது ஆகும். நான் அறிந்ததைச் சொன்னேன். படுக்க வைப்பதைப் பற்றி, காலை உயர்த்துவதைப் பற்றி, அந்த மருந்தைப் பற்றி. கூடையை இறக்கிவைத்துவிட்டு எல்லோரும் கேட்டார்கள். ஒரு வயதான பெண் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அவள் வீட்டில் யார் என்று நான் கேட்கவில்லை.

"அந்த ஊசி மருந்து பேரு என்னன்னு சொன்னீங்க?"

சொன்னேன். அந்தப் பெண் தன் துணிப்பையிலிருந்து கொழுந்துக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.

"மெதுவா சொல்லுங்க ஐயா, எழுதிக்கிறேன்."

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். அ, ட், ரி, ன, லி, ன். அன்றைய கிலோக் கணக்குக்குக் கீழே எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள்.